கூரையைத் தட்டாதவன்

கத்பர்ட் இன்றும் கூரையைத் தட்டவில்லை. போரிலிருந்து அவன் வேலைக்குத் திரும்பிய நாலு நாளாக, கூட வெட்டும் ஹெட்லி கவனித்துவருகிறான். நிலக்கரி வெட்டுகிறவன் முதல் வேலையாக, பிக்காசுக் காம்பால் மேல்பாறையைத் தட்டிக் காது கொடுப்பான். கணீரென்றால் பாறை உறுதி, பொதபொதவென்றால் உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். பதினாலு வருஷம் இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்தவனுக்கு இதுவா மறக்கும்?

போரில், எதிரியின் பதுங்குகுழிகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் படையில் கத்பர்ட்டும் ஹெட்லியின் தம்பி ஐசக்கும் ஒன்றாக இருந்தார்கள். ஜெர்மன்காரன் வைத்த வெடியில் சுரங்கம் இடிந்தது. விஷவாயுவுக்குள் இரண்டு முறை தவழ்ந்துபோய் இரண்டு பேரை இழுத்துவந்தான் கத்பர்ட். ராஜா கையாலேயே பதக்கம் கிடைத்தது. "ஐசக் அந்த நொடியே போயிட்டான்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்று ஹெட்லியின் அம்மாவிடம் சொன்னவனும் அவன்தான். தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தட்டிப் பாரேண்டா" என்றான் ஹெட்லி.

"நீ தட்டு. ராஜா குலுக்கின கை, தேஞ்சிடும்."

ஹெட்லி சிரிக்காமல் தட்டினான். பொதபொதவென்றது. கத்பர்ட் சட்டென்று முட்டுமரத்தை நிமிர்த்தித் தோளால் அழுத்திப் பிடித்தான்.

"ஆப்பை அடி, மரம் இறுகட்டும். சீக்கிரம்."

ஹெட்லி சுத்தியலை எடுத்தான். ஆப்பை அடிக்கவில்லை. பக்கச் சுவரில் மூன்று தட்டு. நிறுத்தி, மறுபடி மூன்று. மண்ணுக்குள் மாட்டிக்கொண்டவன், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் தட்டு.

கத்பர்ட்டின் முகம் விளக்கொளியில் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"நிறுத்துடா!"

"எவ்வளவு நேரம் தட்டினான் என் தம்பி?"

பாறை இடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"ரெண்டாவது ஆள வெளிய போட்ட அப்புறமும் கேட்டுச்சு. மறுபடி போனேன், ஹெட்லி. பாதி தூரம் போனேன். அதுக்கு மேல கால் வரல."

"அப்புறம்?"

"உள்ள யாராச்சும் உயிரோட இருக்காங்களான்னு கேப்டன் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னேன். வாயை மூடிட்டாங்க."

எந்த வாயை என்று ஹெட்லி கேட்கவில்லை. சுரங்கத்தின் வாய் என்று சுரங்கக்காரனுக்குத் தெரியும்.

மேல்பாறை மெல்ல முனகியது. ஆப்பு ஹெட்லியின் முழங்காலருகே கிடந்தது. சுத்தியல் அவன் கையில். கரிப்பொடி உதிர்ந்து கத்பர்ட்டின் கண்ணிமைகளில் படிந்தது. துடைக்க அவன் முட்டுமரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.