ஒற்றைக்காலில் நின்ற கூட்டம்

என் பண்ணையில் நாற்பதாயிரம் கோழி நிற்கிறது. ஒரே மகள் கிருத்திகா. அவளைக் கட்டுகிறவன்தான் நாளைக்கு வியாபாரிகளோடு மல்லுக்கட்டிப் பண்ணையை நடத்த வேண்டும். அவள் கை காட்டிய ஜீவாவோ, டீயில் சர்க்கரை போட மறந்தாலும் "நல்லா இருக்குதுங்க" என்று குடித்து வைக்கிற பையன். கம்ப்யூட்டர் வேலை. இவனை முட்டை வியாபாரிகள் முழுசாக விழுங்கிவிட மாட்டார்களா?

"ஒரு நாள் அந்தப் பையன் கூடப் போய்ட்டு வாங்க. அப்பவும் புடிக்கலீன்னா வேண்டாம்னு சொல்லிப் போடலாம்," என்றாள் என் மனைவி கண்ணாத்தாள்.

அவன் கூப்பிட்ட இடம் ஏரி. வற்றிச் சேறாகக் கிடக்கும் ஏரியில் பறவை பார்க்கிறானாம்! கோழிக்காரன் காட்டுப் பறவை பக்கமே போகக் கூடாது, பறவைக் காய்ச்சல் ஒட்டிக்கொண்டு பண்ணைக்கு வந்துவிடும். முகமூடி, கையுறை, ரப்பர் பூட்ஸ் சகிதம் போய் நின்றேன். "ரொம்ப நல்லதுங்க மாமா," என்றான். இதற்கும் நல்லது என்கிறான் பாருங்கள்.

கரையோரப் புதருக்குள் குத்தவைத்து உட்கார்ந்தோம். எறும்பு பிடுங்கியது. அது கொசு உள்ளானுங்க, இது உப்புக்கொத்திங்க என்று ஒவ்வொரு பறவையாகக் காட்டிக் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"வருசத்துக்கு எத்தனை முட்டை போடுமுங்க தம்பி?"

"இங்க போடாதுங்க மாமா. குளிருக்குத் தப்பிச்சு வந்து மேயுமுங்க. வெயில் ஏறுனா அதுக ஊருக்கே திரும்பிப் போயி முட்டை போடுமுங்க."

தீனி இங்கே, முட்டை அங்கேயா? என்ன அநியாயம்!

திடீரென்று என் தோளைத் தட்டினான். "மாமா, அங்க பாருங்க. கருவால் மூக்கன் கூட்டமுங்க! வருசக்கணக்கா இதுக்குத்தான் காத்துக் கெடக்கறனுங்க." கேமராவை ஸ்டாண்டில் மாட்டக் குனிந்தான்.

நானும் பார்த்தேன். பட்டப்பகலில் அந்தக் கூட்டத்தில் அத்தனை பறவையும் ஒற்றைக்காலில் நிற்கின்றன! தலையை இறகுக்குள் செருகி, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல். என் ஷெட்டில் ஒரு கோழி இப்படிச் சோர்ந்து நின்றாலே டாக்டருக்குப் போன் போடுவேன். ஏரிக்கு அந்தப் பக்கம்தான் என் பண்ணை!

"ஐயோ, சீக்கு! கூட்டத்துக்கே சீக்கு!" என்று கையைத் தட்டிக்கொண்டு சேற்றில் ஓடினேன். உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? இருந்தது. அத்தனையும் ஒன்றாக எழும்பி, கரட்டுக் குன்றைத் தாண்டிப் போயே போய்விட்டன.

"யோவ்!"

பின்னாலிருந்து வந்த சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஜீவாதான்.

"நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா? தூங்கற பறவைய்யா அது! ஒத்தக்கால்லதான்யா தூங்கும்! கோழியத் தவிர வேற எதையாச்சும் கண்ணால பாத்திருக்கறயா? ஒரு எடத்துல வாய மூடிட்டு உக்காரத் தெரியாதா உனக்கு?"

கரையில் ஆடு மேய்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போட்ட கூச்சலில் மிச்சமிருந்த கொசு உள்ளானும் பறந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. சேற்றில் நின்றபடியே போனை எடுத்தேன்.

"கண்ணாத்தா, ஜோசியரக் கூப்புட்டு நாள் பாரு. வியாபாரிக அத்தனை பேரும் செத்தானுக!"

திரும்பினால், பையன் முகம் வெளுத்துக் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறான். "மன்னிச்சுக்கோங்க மாமா, ஏதோ ஆத்திரத்துல..."

"கையக் கீழ போடுங்க மாப்ளே!" என்று பதறினேன். "இப்பத்தானுங்க சரின்னு சொல்லியிருக்கறேன். கெடுத்துப் போடாதீங்க!"