ஒதுக்கப்பட்ட நேரம்

பஞ்சை நனைத்துப் பிழிந்து கணவரின் உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "மணி என்ன?" என்றார்.

முந்தின நாள் காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒம்பது நாப்பது."

"பத்து மணிக்கு இல்ல?"

"ஆமா. இன்னைக்குத்தான் கடைசி நாள். வேண்டாம்னு சொல்லிடலாமான்னு யோசிக்கிறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த முகமா, அவள் சொன்னது காதிலேயே விழாத முகமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாத்தனார், அவருடைய அக்கா, போர்வையின் நுனியைச் சரி செய்தபடி, "போயேன். பக்கத்து ரூம்தானே. நான் என்ன எழுந்து ஓடியா போகப்போறேன்?" என்றார்.

அதில் குத்தல் இருந்ததா என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. இருபத்து நான்கு வருடங்களாக நாத்தனார் பேசுகிற எதிலும் ஒரு சிறு முள் இருக்கும். "மாசத்துல பத்து நாள் பொண்டாட்டி வானத்தைப் பார்க்கப் போயிடறா, இவன் தனியா ரொட்டியைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கான்" என்று உறவில் யார் கேட்டாலும் சொல்வார். பொய்யில்லை. அதனால் அவளும் மறுத்ததில்லை.

அவள் வானியல் ஆராய்ச்சியாளர். நட்சத்திரங்களுக்கு நடுவே இருண்டு, குளிர்ந்து கிடக்கும் வாயு மேகங்களில் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று தேடுவது அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாத அந்த மேகங்கள் மிக மெல்லிய ரேடியோ அலைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதற்கே உரிய அலைவரிசை உண்டு. அந்த இடத்தில் வரைபடத்தில் ஒரு சிறு முகடு எழுந்தால், அது அங்கே இருக்கிறது. எழாவிட்டால் இல்லை, அல்லது இவர்கள் கருவிக்கு எட்டவில்லை. அவள் தேடிய மூலக்கூறு இதுவரை யார் கண்ணிலும் படாதது. தொலைநோக்கியில் நேரம் கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது முறை பன்னிரண்டு மணி நேரம் கிடைத்தது. மூன்று நாள், தினமும் பத்திலிருந்து இரண்டு வரை. ரேடியோ அலைக்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். மேகம் அடிவானத்துக்கு மேலே இருந்தால் போதும்.

தேதி கடிதத்தில் வந்தபோது அவருக்கு நோய் என்றே யாருக்கும் தெரியாது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டாவது மாடிக்கு மேலே உள்ள இயந்திர அறையில் கிரீஸ் கையோடு நின்றுகொண்டு போன் செய்து, "டாக்டரம்மா, உங்க ஊருக்குப் பக்கத்துல வந்துட்டேன், ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா?" என்று கேட்கிற ஆள். அவர் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே, குடியிருப்பில் பாதிப் பேர் அவளை நிஜ டாக்டர் என்று நினைத்துக்கொண்டு காய்ச்சல் குழந்தைகளோடு கதவைத் தட்டினார்கள். அவரும் அசராமல் உள்ளே உட்காரவைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பார். ஆனால் அவள் வேலையைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் அவள் ஆசையாக எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். அவர் தலையாட்டிக்கொண்டே தூங்கிவிடுவார். பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். வீட்டில் கேட்க வேறு யாரும் இல்லை, குழந்தை கிடையாது. முந்தாநாள், முதல் நாள் வேலை முடிந்து அவள் எழுந்து வந்தபோது மட்டும், "ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார். "மூணு நாளையும் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். "அப்போ இருந்து பார்த்துட்டு வா" என்றார். எதை இருந்து பார்ப்பது, யார் இருந்து பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை.

பத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பக்கத்து அறையில் கணினி முன்னால் உட்கார்ந்தாள். கதவை அகலத் திறந்து வைத்தாள். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினால் கட்டிலின் கால்மாடு தெரியும். போர்வைக்குள் அவருடைய பாதங்கள்.

நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு பொட்டல் மேட்டில், தொலைநோக்கியின் ராட்சதக் கிண்ணத்தைத் திருப்புவதற்கு ஓர் ஆப்பரேட்டர் இருந்தார். அவரை அவள் நேரில் பார்த்ததில்லை. கணினி வழியாக வரும் இருமுகிற குரல், அவ்வளவுதான்.

"காலை வணக்கம் மேடம். ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிங்க."

ஐந்து நிமிடம் மேகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் பக்கத்தில் ஒன்றுமில்லாத வானத்தைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து இதைக் கழிக்க வேண்டும். நான்கு மணி நேரமும் இதுதான். அவள் செய்ய வேண்டியது, திரையில் ஓடும் கோட்டைக் கவனித்து, வெளியிலிருந்து ஏதாவது குறுக்கீடு வந்தால் நேரத்தோடு குறித்துவைப்பது. தொலைநோக்கிக்குப் பக்கத்தில் ஒரு கைபேசி போதும், கெடுத்துவிடும்.

பதினொன்று இருபதுக்கு மேட்டில் காற்று பலத்தது. கிண்ணத்தை வானம் பார்க்க மல்லாத்தி நிறுத்திவிட்டதாக ஆப்பரேட்டர் சொன்னார். அவள் ஓடிவந்து கட்டில் அருகே உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இடுக்குகளில் சோப்புக்கும் போகாத கருப்பு ரேகைகள். மூச்சு இழுத்து, நின்று, யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடி வந்தது.

"காலையில இருந்து இப்படித்தான்" என்றார் நாத்தனார். "நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணினேன். இப்படித்தான் இருக்குமாம்."

"வலி இருக்குமாக்கா?"

"இருக்காதுன்னாங்க."

இருபத்தைந்து நிமிடம் அவள் அங்கே இருந்தாள். பக்கத்து அறையிலிருந்து ஆப்பரேட்டரின் இருமல் கேட்டது. "மேடம், காத்து குறைஞ்சிருச்சு. போகலாமா?" அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்குத் திரையில் ஒரு முகடு எழுந்தது.

அது இருக்க வேண்டிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது. இருபத்தாறு வருட அனுபவம் அவளிடம் அது குறுக்கீடுதான் என்று சொன்னது. மேகத்திலிருந்து வருகிற எதுவும் இப்படிச் சட்டென்று குதிக்காது. ஆனாலும் கண் நகர மறுத்தது. அப்போது வாசலில் நிழலாடியது. நாத்தனார் வந்து நின்றார். அவள் திரும்பாமலே இடது கையைத் தூக்கிக் காட்டினாள். கொஞ்சம் இருங்கள் என்கிற கை. போஸ்ட்மேன், பக்கத்து வீட்டுக்காரர்கள், சாப்பிடக் கூப்பிட்ட கணவர் என்று எல்லோரும் பார்த்துப் பழகிய கை.

நாத்தனார் இருந்தார்.

முகடு இரண்டு நிமிடம் நின்றது. பிறகு பக்கவாட்டில் நழுவிக் காணாமல்போனது. "விமானம் ஏதோ போச்சு மேடம், அதோட ரேடார்" என்றார் ஆப்பரேட்டர். அவள் '12.51, குறுக்கீடு' என்று தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் திரும்பினாள்.

"என்னக்கா?"

"முடிஞ்சிருச்சும்மா."

அவளுக்கு முதலில் அர்த்தமாகவில்லை. நாத்தனாரின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.

"மேடம், அடுத்த ஸ்கேன் போடலாமா?"

அவள் எழுந்து நின்றிருந்தாள். "போடுங்க. மீதியை நீங்களே பார்த்துக்குங்க."

"ஏதாச்சும் பிரச்சினையா மேடம்?"

"இல்ல."

அவர் முகம் சற்று அந்தப் பக்கம், நாத்தனாரின் நாற்காலிப் பக்கம், சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. தலைமுடியை யாரோ படிய வாரிவிட்டிருந்தார்கள். அவர் கையைத் தேடி எடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. எவ்வளவு நேரம் இருக்கும் என்று அவளுடைய புத்தி தன் பாட்டுக்குக் கணக்குப் போடத் தொடங்கியது. அவள் அதை நிறுத்தப் பார்த்தாள்.

ஒன்றரை மணிக்கு மருத்துவர் வந்தார். சோதித்துவிட்டு, படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, "உயிர் பிரிஞ்ச நேரம் என்னன்னு போடட்டும்?" என்று கேட்டார்.

"பன்னெண்டே முக்கால்" என்றார் நாத்தனார், உடனே.

மருத்துவர் எழுதிக்கொண்டார். அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் ஜன்னலைப் பார்த்தார்.

சாயங்காலம் வீடு நிறைந்தது. லிஃப்ட் கம்பெனியிலிருந்து எட்டுப் பேர், வேலைச் சட்டையோடு அப்படியே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நடுவயதுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு அலுவலகக் கட்டடத்தில் வரவேற்பாளர் என்றாள்.

"எனக்கு அவரை ஒரே ஒரு நாள்தாங்க தெரியும். போன வருஷம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். கரண்ட்டும் போயிருச்சு, ஒரே இருட்டு. எனக்கு மூச்சே வரலை. அவர் வெளிய நின்னு வேலை செஞ்சுகிட்டே பேசிக்கிட்டிருந்தார். முக்கால் மணி நேரம். என்ன பேசினார் தெரியுமா? எங்கேயோ வானத்துல ஒரு மேகம் இருக்காம், நீங்க இருக்கிற இடத்தைவிட இருட்டாம். அதுக்குள்ள சாராயம் இருக்காம். இந்த ஊரே உட்கார்ந்து குடிச்சாலும் தீராதாம். அழுதுகிட்டிருந்தவ சிரிச்சுட்டேன். எப்படிங்க தெரியும்னு கேட்டேன். என் வீட்டுக்காரம்மாதான் கண்டுபிடிக்கிறாங்க, கதவைத் திறந்ததும் மீதியைச் சொல்றேன்னார்."

"எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வாருங்க" என்றார் சுவரோரம் நின்ற ஒருவர். "உள்ள மாட்டினவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு மேகம். எங்களுக்கே மனப்பாடம்."

அவள் தலையாட்டினாள். சாராய மேகத்தைப் பற்றி அவள் சொன்னது கல்யாணமான இரண்டாவது மாதம். அன்றைக்கும் அவர் தூங்கிவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். மீதியைச் சொன்னாரா என்று அந்தப் பெண்ணிடம் கேட்க வாய் வந்தது. அதற்குள் வேறு யாரோ வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலையில் எல்லாம் முடிந்தது. உறவினர்கள் இரண்டு நாள் இருந்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாத்தனார் மட்டும் தங்கினார்.

ஐந்தாம் நாள், மூன்று நாள் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டினாள். அவள் நாற்காலியில் இல்லாத அந்த அறுபத்தேழு நிமிடங்களை ஆப்பரேட்டர் ஒரு குறை இல்லாமல் எடுத்து அனுப்பியிருந்தார். இருப்பதிலேயே சுத்தமான பகுதி அதுதான். எல்லாம் சேர்ந்தும் அந்த அலைவரிசையில் கோடு தட்டையாகவே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். இரைச்சல்தான். 'காணப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதிவிட்டு, கணவரிடம் சொல்வதற்கு எழுந்தாள். எழுந்த பிறகு நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

மத்தியானம் வாடகைக் கட்டிலை எடுத்துப் போக இரண்டு பேர் வந்தார்கள். பத்தே நிமிடத்தில் கழற்றி, கம்பிகளையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. அவள் வாசற்படியில் சாய்ந்துகொண்டாள். நாத்தனார் மருந்து மேஜையில் பாட்டில்களை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா."

"ம்."

"டாக்டர்கிட்ட பன்னெண்டே முக்கால்னு சொன்னீங்க."

"ஆமா."

"நீங்க என் ரூம் வாசலுக்கு வந்தது பன்னெண்டு அம்பத்தொண்ணுக்கு. எங்கிட்ட எழுதி இருக்கு."

நாத்தனார் ஒரு பாட்டிலின் மூடியை இறுக்கினார். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி.

"இருக்கும்" என்றார்.

"நான் கையைக் காட்டினேனே. அப்போ அவர்…"

"அப்போ இல்ல. அதுக்கு முன்னாடியே போயிட்டான்." பாட்டிலைப் பையில் போட்டார். "கொஞ்ச நேரம் சும்மா அவன்கிட்ட உட்கார்ந்திருந்தேன். தலையை வாரிவிட்டேன். உன்கிட்ட சொன்னா அவன் உன் புருஷன் ஆயிடுவான். அப்புறம் டாக்டர், கம்பெனி, சொந்தக்காரங்கன்னு எல்லாரும் வந்துருவாங்க. எனக்கு அவன் கிடைக்க மாட்டான்."

அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் முள் எதுவும் இல்லை. பொய் இருந்ததா என்று கண்டுபிடிக்க அவளுக்குத் தெரிந்த வழி எதுவும் உதவாது. ஆறு நிமிடம். இரண்டு அறை. ஒருவர் சொல்வதுதான் ஆதாரம்.

"தப்புன்னா தப்புதான்" என்றார் நாத்தனார்.

"இல்லக்கா."

தெருவில் வண்டியின் பின்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு வண்டி கிளம்பிப் போனது. நாத்தனார் பையை முடிந்து ஓரமாக வைத்தார். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கமிருந்து பெருக்க ஆரம்பித்தார். சுவரோரமாக வந்தார், திரும்பினார். அறையின் நடுவில், கட்டில் இருந்த இடத்தில், தரை வெறுமையாகக் கிடந்தது. நாத்தனார் குனிந்த தலை நிமிராமல், ஒரு பக்கம் ஒதுங்கி, அந்த நீள்சதுரத்தைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கத்தில் பெருக்கினார்.