திங்கள் அவன், வியாழன் இவன்

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் ஆட்டோவைப் போல மீட்டர் ஓடிய காலம் அது. 1999. அதனால்தான் அங்கமுத்துவும் பரத்வாஜும் ஒரே பக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அடையாறில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் தற்காலிக வேலை. ப்ராஜெக்ட் டிசம்பரில் முடிகிறது, அதற்குப் பிறகு வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான் என்று மேலே இருப்பவர்கள் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தை ஏற்பாடு செய்தவன் பரத்வாஜ். ஒரு வெப்சைட்டில் பெயரைப் பதிந்துகொண்டால் நமக்கென்று ஒரு பக்கம் கொடுத்தார்கள். அங்கே இருக்கும் லிஸ்டில் நமக்கு வேண்டிய சைட்டுகளை டிக் செய்தால் போதும், ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கட்டமாக அந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த சைட்டில் புதிதாக எது வந்தாலும் தலைப்பு தானாக இந்தக் கட்டத்தில் விழும். சேனல் என்று அதற்குப் பெயர். தனித்தனியாகப் போனால் ஒரு சைட் திறப்பதற்குள் வாங்கி வைத்த டீ ஆறிவிடும். இதிலோ பன்னிரண்டு சைட்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை பரத்வாஜ் போவான், வியாழக்கிழமை அங்கமுத்து. போகிறவன் புதுத் தலைப்புகளை ஒரு நோட்டில் எழுதி, மறுநாள் மற்றவனிடம் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்ட் இருவருக்கும் பொது.

பன்னிரண்டில் அங்கமுத்துவுக்கு உயிர் ஒன்றில்தான் இருந்தது. நார்வேயில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம். வருஷத்துக்கு ஒருமுறை இந்தியாவிலிருந்து ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மூன்று வருஷம் சோறு போட்டு, ஆராய்ச்சிக் கப்பலிலும் ஏற்றி, டாக்டர் பட்டத்தோடு அனுப்பிவைக்கும். ஆனால் இருபத்தெட்டு வயசுக்குள் இருக்க வேண்டும். அங்கமுத்துவுக்கு வருகிற நவம்பரோடு இருபத்தெட்டு முடிகிறது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். நொச்சிக்குப்பத்தில் அவன் தெருவிலிருந்து எம்.எஸ்ஸி. வரை போன முதல் ஆள் அவன். பத்து வயசிலிருந்து அப்பாவோடு கட்டுமரத்தில் போய் வலை இழுத்தவன். கடலைப் பற்றிப் படிக்கத் தன்னைவிட யாருக்கு உரிமை என்று அவனுக்கு உள்ளூர ஒரு திமிர்கூட இருந்தது. இருக்கக் கூடாதா என்ன?

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை பார்த்தால், அந்தக் கட்டத்தைக் காணோம். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் கேட்டான்.

"இன்னா மச்சி, நார்வே கட்டம் எங்க போச்சு?"

"அதுவா? அவா சேனலையே நிறுத்திட்டாடா," என்றான் பரத்வாஜ், மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த வருஷம் ஆள் எடுக்கறதே சந்தேகம்னு கேள்வி."

"நெசமாவா சொல்ற?"

"பின்னே? தெரிஞ்சா உன்கிட்ட சொல்லாம இருப்பேனா?"

அங்கமுத்து நம்பினான். அப்போதெல்லாம் சேனல்கள் திடீர் திடீரென்று நின்றுபோவது சகஜம். ஆனால் அவன் பங்குக்கும் ஒரு தப்பு செய்தான். நேராக அந்த நிலையத்தின் சைட்டைத் திறந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. மாதக்கணக்கில் அந்த ஒரே பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் விழாத சமாச்சாரம் உலகத்தில் நடக்கவே இல்லை என்று மனசு பழகிவிட்டிருந்தது.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம், லஸ் பக்கத்தில் பீர் முஹம்மதுவின் சென்டரில் உட்கார்ந்து, புதிதாக ஒரு சைட்டைச் சேர்ப்பதற்காக லிஸ்டைத் திறந்தான். நார்வே நிலையத்தின் பெயர் குத்துக்கல்லாட்டம் அங்கே இருந்தது. பக்கத்தில் டிக் மட்டும் இல்லை.

"பாய், நின்னுபோன சேனல் பேரு லிஸ்ட்ல வருமா?"

பீர் முஹம்மது எட்டிப் பார்த்தார். "நின்னுபோனா லிஸ்ட்லயே இருக்காது தம்பி. இது ஓடிக்கினுதான் கீது. உங்க பக்கத்துலேர்ந்து யாரோ எடுத்து வுட்டுக்கீறாங்க."

டிக் செய்தான். கட்டம் வந்தது. அதில் மூன்றே தலைப்புகள். அடியில் இருந்ததுதான் பழையது: விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன, ஜூன் 14. அதற்கு மேலே: கடைசித் தேதி ஜூலை 31. எல்லாவற்றுக்கும் மேலே: இந்தியாவுக்கான இடம் சென்னை இளைஞருக்கு.

சுவரில் தொங்கிய காலண்டரில் ஜூன் மாதத்தைத் தேடிப் பிடித்தான். பதினான்காம் தேதி திங்கட்கிழமை.

மேல் தலைப்பைக் கிளிக் செய்தான். ஒரு போட்டோ கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. முதலில் தலைமுடி, அப்புறம் நெற்றி. மூக்குக் கண்ணாடி வருவதற்குள்ளேயே யாரென்று தெரிந்துவிட்டது. அத்தோடு லைன் கட்டாகிவிட்டது. "திரும்பப் போடட்டா?" என்று பீர் முஹம்மது கேட்டார். வேண்டாம் என்று எழுந்துவிட்டான். அழுகை வந்திருந்தால்கூடத் தேவலை, அதுவும் வரவில்லை.

சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் பரத்வாஜ் வீடு. கதவைத் திறந்தவர் அவன் அம்மா காமாக்ஷி.

"வாப்பா, உனக்கு நூறு ஆயுசு! இப்பத்தான் உன்னைப் பத்திப் பேசிண்டிருந்தோம். உட்காரு, காபி கலந்துண்டு வரேன்," என்று உள்ளே போனார்.

கூடத்தில் பரத்வாஜ் ஒரு புது சூட்கேஸின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அங்கமுத்துவைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"இன்னாத்துக்குடா கட்டத்த எடுத்த?"

பரத்வாஜ் சூட்கேஸைப் பூட்டினான். பொய் சொல்ல நினைத்து, அது வாயில் வராமல், கடைசியில் உண்மையே வந்தது. "ஒரே ஒரு இடம்டா. ரெண்டு பேரும் போட்டா உனக்குத்தான் கிடைக்கும்னு எனக்குத் தெரியும்."

"எனக்கு வயசு முடியறது தெரியுமா தெரியாதா?"

"தெரியும்," என்றான் பரத்வாஜ். "ஆனா நீ எப்படியும் உங்கப்பா அம்மாவை விட்டுட்டுப் போயிருக்க மாட்டே."

"அத நான் சொல்லணும். நீ யார்ரா சொல்றதுக்கு?"

காமாக்ஷி காபித் தட்டோடு வந்துவிட்டார். முகமெல்லாம் பெருமை.

"இவன் சமத்தைக் கேட்டியோ? சின்ன வயசிலேர்ந்து கட்டுமரத்துல போய் வலை இழுத்த அனுபவம் இருக்குன்னு எழுதியிருந்தானாம். அதுக்காகத்தான் எடுத்தோம்னு லெட்டர்லயே போட்டிருக்கா. எனக்குத் தெரியாம எப்போ கடலுக்குப் போனான்? உன்னோடதானே?"

இரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டின்போது அங்கமுத்து எத்தனை கதை சொல்லியிருப்பான்! நீரோட்டம் திசை மாறுவதை அப்பா காலாலேயே கண்டுபிடிப்பது, வலை கிழிந்த நாள், வாடைக்காற்றில் கை மரத்துப்போனது. அத்தனையும் நார்வேக்குப் போய்விட்டது, அவனைத் தவிர. பரத்வாஜின் கண்கள் கெஞ்சின.

"எங்க நைனா கட்டுமரம்மா அது. வலை இழுத்தது நானு," என்றான் அங்கமுத்து. "உங்க புள்ள மெரினாவுல முட்டித் தண்ணில கூட நின்னது கெடையாது. நான் சொன்னதத்தான் எடுத்து எழுதிக்கீறாரு. வெளம்பரம் வந்தத என் கண்ணுல படாம மறைச்சதும் அவருதான்."

காமாக்ஷி மகனைப் பார்த்தார். மகன் சூட்கேஸைப் பார்த்தான். காமாக்ஷி காபித் தட்டைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. புரிந்த பிறகுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாரேன், எப்படிக் கேலி பண்றான்! சிநேகிதம்னா இப்படின்னா இருக்கணும். ஏர்போர்ட்டுக்கு நீ கட்டாயம் வரணும்ப்பா."

பரத்வாஜும் சிரித்தான்.