லவினியாவின் கருணை

என் எதிர்வீட்டு ஸ்மரந்தா பிரைலா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவளிடம் மூன்று கிழட்டு நாய்கள் இருந்தன. தெருவில் கிடந்த அவற்றை அவள் தலையில் கட்டியவள் லவினியா. பிராணிநேயச் சங்கத் தலைவி. நாயைத் தூக்கிவைத்துப் படம் எடுப்பதும், எடுத்த கையோடு யாரிடமாவது தள்ளிவிடுவதும்தான் அவள் செய்த தொண்டு. தீனியும் மருந்தும் சங்கத்தின் பொறுப்பு என்று சத்தியம் செய்தாள். நாய்கள் படத்தில் எடுபடும்வரை பொறுப்பும் இருந்தது.

பிறகு மூன்றில் புரூனாவுக்குக் கண் போயிற்று. முகூர் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. லூப்புவுக்கு இதயக் கோளாறு. மாத்திரை விலை ஏறியதும் ஸ்மரந்தா அறையைச் சூடாக்கும் கணப்பை நிறுத்திவிட்டு மேல்கோட்டோடு தூங்கினாள். மூன்று வேளையும் மக்காச்சோளக் களிதான். நான் கொடுத்த பன்றிக்கறியையும் நாய்களுக்குப் பிய்த்துப் போட்டுவிட்டு விரலை நக்கிக்கொண்டாள். கடைசியில் மானத்தை விட்டு லவினியாவுக்குப் போன் செய்தாள்.

வந்தாள் மகராசி. வெள்ளைக் கோட்டு, பின்னால் ஒரு கேமராக்காரன், கையில் குட்டிநாய்த் தீனி. பல்லில்லாத நாய்களுக்குக் கல் மாதிரி உருண்டைகள்.

"அக்கா, அந்தக் குருட்டு நாயைக் கட்டிப் பிடிச்சுக்கோங்க. கொஞ்சம் கண்ணு கலங்கினா நல்லா இருக்கும். அப்பத்தான் ஜனங்க பணம் அனுப்புவாங்க."

"இதுவரைக்கும் அனுப்பின பணமெல்லாம் எங்கேங்க போச்சு?"

"சங்கத்துக்கு ஆயிரம் செலவுக்கா." லவினியா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இதுங்களுக்கு ஊசி போட்டு அனுப்பிடலாம். டாக்டர் நம்ம ஆளுதான். அப்புறம் அழகா ஒரு குட்டி கொண்டாந்து தர்றேன்."

ஸ்மரந்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அத்தோடு மரியாதை போயிற்று.

"அது கெழடானா அதுக்கும் ஊசி போட வருவியா? உங்கம்மா உயிரோட இருக்காளா? ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

கேமராக்காரன் இருமுவது போலத் திரும்பிக்கொண்டான்.

"உதவி பண்ண வந்தவகிட்ட இப்படியா பேசுவீங்க?"

"இந்தக் கல்லுதான் உதவியா? தூக்கிட்டுப் போ. நீ மூஞ்சி காட்ட என் நாய்ங்கதான் கிடைச்சுதா?"

மறுநாள் லவினியா தன் இணையப் பக்கத்தில், நன்றி கெட்ட மனிதர்கள் நடுவே தான் படும் பாட்டைப் பற்றிக் கண்ணீரோடு பேசியிருந்தாள். எங்கள் கட்டடத்துக்காரர்கள் வரிசையாக இதயப் படம் போட்டார்கள். ஸ்மரந்தாவின் கதவைத் தட்ட அவர்களில் ஒருவருக்கும் கை நீளவில்லை.

அவள் மீன் சந்தையில் தரை கழுவப் போனாள். கூலி மாத்திரைக்கு, மிஞ்சிய மீன்தலைகள் நாய்களுக்கு. அவள் இல்லாத நேரத்தில் நாய்களை நான் கீழே நடக்கக் கூட்டிப் போவேன். மூத்திர நாற்றம் என்று முணுமுணுத்தவர்களிடம் துடைப்பத்தை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

வசந்தத்தில் முகூர் தூக்கத்திலேயே செத்தது. ஆற்றங்கரைப் புதரருகே நாங்கள் இருவரும் குழி தோண்டினோம்.

சேதி எப்படியோ எட்டி, லவினியாவின் பக்கத்தில் இரங்கல் வந்தது. 'எங்கள் முகூர்' என்று எழுதியிருந்தாள். படத்தில் வேறு நாய். ஸ்மரந்தாவிடம் காட்டினேன்.

"யாரு நாய் இது?"

"தெரியல."

"இதுக்காச்சும் வேளைக்குச் சோறு கிடைக்குதான்னு விசாரி," என்றவள், மற்ற இரண்டுக்கும் மீன்தலைகளை அடுப்பில் ஏற்றினாள்.