வாய்க்கட்டு

பாஸ்டர் இருசப்பன் செத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, முதுகு அரிக்க ஆரம்பித்துவிட்டது. கயிற்றுக்கட்டிலில் வெள்ளை வேட்டி போர்த்திப் படுத்திருந்தவர் மெல்ல நெளிந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பொன்னாயி, "பொணம் ஆடக் கூடாதுங்க ஐயா," என்றாள்.

செத்தது ஒத்திகைக்குத்தான். கல்வராயன் மலைமேல் இருக்கிற அந்தச் சின்ன சபையில், அடக்க ஆராதனை நடத்த ஓர் ஆளைப் பழக்கிவிட வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். போன மழைக்குக் கச்சிராயபாளையத்துக்கு மேலே ரோடு சரிந்து, கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பினவர் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார். மேலே பொன்னாயியின் புருசனை ஒரு ஜெபம்கூட இல்லாமல் மண்ணுக்குள் வைத்தார்கள். ரோடு திறந்து அவர் போனபோது பொன்னாயி அழவில்லை. "ஆடு மாட்டப் பொதைக்கிற மாதிரி பொதைச்சிட்டம் ஐயா," என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதோ, அடுத்த மழை வந்துகொண்டிருக்கிறது.

ஆள் இல்லாமல் இல்லை. செல்லன் இருந்தான். மரவள்ளிக் காட்டில் நின்று கூப்பிட்டால் எதிர்மலைக்குக் கேட்கிற குரல். வருசக்கணக்காக மலையேறி வந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். என்ன பிரயோசனம்? அவன் வாயைத் திறந்து "பிதாவே" என்றால் போதும், அடுத்த சொல்லை இவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். கொடுக்காமல் இருக்க இவரால் ஆகாது, நாக்கு துருதுருக்கும். கடைசியில் செல்லன் பாதி வாக்கியத்தில் நின்று இவர் முகத்தையே பார்க்கப் பழகிவிட்டான். பையன் இன்னும் பழுக்கவில்லை என்பது பாஸ்டரின் தீர்ப்பு. பழுக்க விட்டால்தானே!

"நேர்ல செஞ்சு பாத்தாதான் வரும். யாராவது பொணமா படுங்க," என்றார் அன்று காலை. ஒருத்தரும் அசையவில்லை. ஒருவனுக்கு அடிக்காத சாமை களத்தில் கிடந்தது, அபசகுனம் ஆகாது. இன்னொருவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். ஊரில் சாவு விழுந்தால் குளிப்பாட்டிக் கட்டுகிற கருப்பண்ணன், "ஒரு வாழமரத்த வெட்டிப் படுக்க வச்சிடலாங்களே," என்றார். வாழைமரத்துக்கு எவன் அழுவான்? பாஸ்டர் தானே படுத்துவிட்டார்.

அழுகைக்கு மட்டும் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. பொன்னாயி மூக்கைச் சிந்திப் போட்டு ஒப்பாரியை எடுத்தாள்.

"கச்சிராயபாளையம் பஸ்ஸேறிக்
காலையில வந்த ராசா
கஞ்சி ஆறிப் போகுமட்டும்
கதை சொல்லி நின்ன ராசா."

மற்ற பெண்கள் அழுதார்களா, சிரித்தார்களா, சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. தன் பிரசங்கம் அவ்வளவு நீளமா என்று பாஸ்டருக்குச் சுருக்கென்றது. வேறு நாளாயிருந்தால் பதில் சொல்லியிருப்பார். செத்தவனுக்கு என்ன ரோசம் என்று கிடந்தார்.

செல்லன் தொண்டையைச் செருமினான். "எங்கள் பரலோகப் பிதாவே, இந்த... இந்த..."

"துக்க வேளையிலே," என்றது பிணம்.

செல்லனின் பெண்டாட்டி வெள்ளச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாங்க ஐயா," என்றான் செல்லன் அழாத குறையாக. மறுபடி ஆரம்பித்தான், மறுபடி நின்றான். பிணம் மறுபடி எடுத்துக் கொடுத்தது. இந்தத் தடவை ஒரு கண்ணைத் திறந்து, கையையும் ஆட்டி.

கருப்பண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவர் பார்த்த பிணங்களில் ஒன்றுகூட இப்படி நடந்துகொண்டதில்லை. தோளில் கிடந்த துண்டைக் கிழித்தார். "பொணம்னா மொறையா வாய்க்கட்டு போட வேணாமா பாஸ்டரய்யா?" தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் இறுக்கி ஒரு முடிச்சு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து இன்னொன்று. கைகளை வேட்டிக்குள் தள்ளி ஓரத்தைச் செருகினார். "இப்ப சொல்லுடா செல்லா."

செல்லன் பழக்கதோஷத்தில் கட்டிலைப் பார்த்தான். "இந்தத் துக்க வேளையிலே" வரைக்கும் வந்தான். அதற்குமேல் வரவில்லை. பாஸ்டருக்கோ அடுத்த சொல் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. "ம்ம், ம்ம்" என்றார், யாருக்கும் விளங்கவில்லை. போச்சு, இந்த மழைக்கும் எவனாவது ஜெபமில்லாமல் போகப்போகிறான்.

செல்லன் கட்டிலை விட்டுப் பொன்னாயி பக்கம் திரும்பினான்.

"அக்கா, போன மழைக்கு மாமனப் பொதைக்கிறப்ப நானும் மண்ணு தள்ளனன். ஜெபம் எனக்கு அப்பவே தெரியும்."

ஒப்பாரி நின்றது.

"ஐயா இல்லாம நாம சொன்னா தப்பாப் பூடுமோன்னு வாயத் தொறக்கல. பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தன்."

இத்தனை நாளும் பாஸ்டர் ரோட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

செல்லன் கண்ணை மூடினான். "ஆண்டவரே, மாமன நாங்க பேசாம அனுப்பிச்சிட்டம். நாங்க கேக்காமயே நீங்க சேத்துக்கினு இருப்பீங்க. இந்த அக்காவுக்குத்தான் இன்னும் ஆறல. அதுக்கு ஆறுதல் குடுங்க."

பாஸ்டர் சொல்லிக் கொடுத்த ஒரு சொல்கூட அதில் இல்லை. பொன்னாயி இப்போது ராகமில்லாமல் அழுதாள். பிணத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை.

செல்லன் குனிந்தான். "சரியா சொன்னனா ஐயா?"

கருப்பண்ணன் அவிழ்ப்பதற்காக முடிச்சில் கை வைத்தார். சரியில்லாதது எவ்வளவோ இருந்தது. ஆமென்கூடச் சொல்லவில்லை, படுபாவி. பாஸ்டர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

செல்லன் நிமிர்ந்து, எதிர்மலைக்குக் கேட்கிற குரலில், "ஆமென். தூக்குங்க," என்றான்.

நாலு பேர் தூக்கினார்கள். எவ்வளவு தூரம் கொண்டுபோகப் போகிறார்கள், குழி கிழி வெட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்கப் பாஸ்டருக்கு நாக்கு துருதுருத்தது. வாய்க்கட்டு கருப்பண்ணன் கை வைத்தபோதே நெகிழ்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் கேட்கவில்லை.