எட்டேகால் வண்டியின் பாட்டு

திசையன்விளையிலிருந்து ராதாபுரம் வழியாக வள்ளியூர் போகும் எட்டேகால் தனியார் பஸ்ஸில் பதினொரு வருஷமாகக் காசிலிங்கம் வைத்ததுதான் பாட்டு. அவர் டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை, முதலாளிக்குச் சொந்தக்காரரும் இல்லை. வள்ளியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிற, தினமும் டிக்கெட் எடுத்து ஏறுகிற ஒரு பயணி, அவ்வளவுதான். ஆனால் பாட்டுப் பைத்தியம். மாதத்துக்கு ஒரு பென்டிரைவில் பாட்டுகளைப் பொறுக்கிப் போட்டு, அதற்கு ஒரு பேரும் வைத்து, டிரைவர் இசக்கியப்பனிடம் கொடுப்பார். அதைப் பென்டிரைவ் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். 'ஆல்பம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் மனசு எப்படியோ பஸ்ஸும் அப்படி. வடிவம்மாளைப் பெண் பார்த்துவிட்டு வந்த மாதம் பஸ் முழுக்க ஜோடிப் பாட்டு. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் வடிவம்மாள் கோபித்துக்கொண்டு நாலு மாசம் அம்மா வீட்டில் இருந்தபோது, கருவாட்டுக் கூடையோடு ஏறும் கிழவிகள்கூட அழுதுகொண்டே வள்ளியூரில் இறங்கினார்கள். நாற்பது தாண்டியதும் அவர் காது பழைய பாட்டுப் பக்கம் திரும்பியது. வயலினும் புல்லாங்குழலும் இல்லாத பாட்டு பாட்டே இல்லை என்று தீர்ப்பு எழுதினார். பஸ்ஸில் ஏறிய காலேஜ் பிள்ளைகளும் வேறு வழியில்லாமல் அதையே கேட்டு, அதையே முணுமுணுத்தார்கள். அதைப் பார்க்கும்போது காசிலிங்கத்துக்கு இருக்கும் நிறைவு, சொந்தமாகப் பஸ் வைத்திருக்கும் முதலாளிக்குக்கூட இருந்திருக்காது.

இந்த வருஷம் தை மாசத்தில் தஸ்லிமா வந்தாள். வள்ளியூரில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற பெண், முப்பது வயசு இருக்கும். ஒரு மாசம் சும்மா ஏறி இறங்கினாள். அடுத்த மாசம் ஒருநாள் டிரைவரிடம் ஒரு பென்டிரைவை நீட்டினாள். இசக்கியப்பன் வாங்கிச் செருகிவிட்டான். அன்றைக்கு ஒருநாள்தானே என்று காசிலிங்கமும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தார்.

ஒருநாள் ஒரு வாரமாகி, வாரம் மூணு மாசமாயிற்று.

"எப்பம்லே என் ஆல்பத்தப் போடப் போற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"போடுவோம் அண்ணாச்சி, எங்க போயிரப் போவுது? தங்கச்சி பாட்டு வந்ததுலேர்ந்து வண்டி ஓட்டுன அலுப்பே தெரிய மாட்டேங்கு. என்ன மாயமோ தெரியல" என்றான் இசக்கியப்பன்.

அலுப்பு தெரியவில்லையாம்! பதினொரு வருஷமாக இவர் பாட்டைக் கேட்டு அலுத்துப்போயா ஓட்டினான்? காசிலிங்கத்துக்குக் கண்ணில் மிளகாய் விழுந்த மாதிரி எரிந்தது. அதுவும் என்ன பாட்டு அதெல்லாம்? ஒன்றில் வெறும் வாத்தியம், வாயையே திறக்கவில்லை. ஒன்று மலையாளம். ஒன்று அரபு. இன்னொன்றில் நாலு பயல்கள் சண்டை போடுகிற மாதிரி கடகடவென்று பேசிக்கொண்டே போகிறார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மறுநாளிலிருந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் பாட்டைத் தானே கேட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாவி மனுஷர், அதிலும் நேர்மை கிடையாது. சத்தத்தைப் பையக் குறைத்துவிட்டு அவள் பாட்டைத்தான் ஒட்டுக் கேட்டார். ஒருநாள் மருந்து எடுத்துக் கொடுக்கும்போது தன் வாய் அந்த மலையாளப் பாட்டை முனகுவதை அவரே பிடித்துவிட்டார். அன்று முழுக்கத் தன் மேலேயே அவருக்கு ஆத்திரம்.

ஒரு சனிக்கிழமை வள்ளியூரில் எல்லாரும் இறங்கின பிறகு இசக்கியப்பனிடம் போனார்.

"அந்தப் பென்டிரைவுல வைரஸ் இருக்காப்புல தெரியுதுடே. நடுவுல விட்டு விட்டுப் பாடுது. கொண்டா, வீட்டுல கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டுத் திங்கக்கிழமை தாரேன்."

அவன் சந்தேகமே படாமல் கழற்றிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்த ஆள். பதினாலு பாட்டு, ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் போட்டிருந்தது. ஏழாவது எண்ணைத் தட்டினால் சத்தமே வரவில்லை. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி வெறுமை. காசிலிங்கம் குதித்தார். பாட்டே ஏறாமல் பதிந்து வைத்திருக்கிறாள், இதற்குத்தான் இத்தனை பேரும் புகழுமா!

அப்படியானால் பஸ்ஸில் தினமும் அந்த இடத்தில் என்ன கேட்டோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. முன்னால் இருக்கும் ஆறு பாட்டுகளின் நேரத்தைக் கூட்டிப் பார்த்தார். இருபத்து நாலு நிமிஷம். எட்டேகாலுக்கு எடுத்த வண்டி எட்டு முப்பத்தொன்பதுக்கு எங்கே போகும்? அது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். நிமிஷம் பிசகினால் பின்னால் வருகிற பஸ்காரன் சண்டைக்கு வந்துவிடுவான் என்பதால் அந்த வண்டி கடிகாரம் மாதிரிதான் ஓடும். எட்டு முப்பத்தொன்பதுக்குப் பனங்காடு முடிந்து, கரண்டு எடுக்கிற காற்றாடிகள் நிற்கும் பொட்டலுக்கு வரும். ஜன்னல் வழியாக அடிக்கிற காற்றில் அங்கே எந்தப் பாட்டும் காதில் விழாது. பதினொரு வருஷமாக அந்த இடத்தில் தன் பாட்டின் கடைசிச் சரணத்தைக் காற்று தின்றுவிடுகிறதே என்று அவர் காற்றைத் திட்டியிருக்கிறார். அவளோ, அந்த இடத்தைக் காற்றுக்கே விட்டுவிட்டாள்.

காசிலிங்கம் ஒரு நோட்டை எடுத்து, எந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்று குறித்தார். திசையன்விளைச் சந்தை இரைச்சலைத் தாண்டிக் கேட்கத்தான் முதலில் அந்தக் கடகடப் பயல்கள். பனங்காட்டுக்குள் நுழையும்போது மலையாளம், ஒவ்வொரு பனையும் ஜன்னலில் கடக்கிற தாளத்துக்கு. ராதாபுரத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் இரைச்சலில் வார்த்தை வீணாகக் கூடாது என்று அங்கே வெறும் வாத்தியம். எல்லாம் பொருந்தியது. அவள் போட்டிருந்தது பாட்டுகள் இல்லை, பாதை.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா குளிக்காம கொள்ளாம பாட்டுக்கு என்ன கணக்குப் பாக்கிய?" என்று வடிவம்மாள் வந்து கேட்டாள். அவர் நோட்டை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது வாய் எப்படித் திறக்கும்? தஸ்லிமாவின் பாட்டு நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அவர் மன்னித்திருப்பார். இது தனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! அதே ரோடு, அதே ஜன்னல், பதினொரு வருஷம். தனக்குப் பிடித்ததை ஊருக்கே ஊட்டிக்கொண்டிருந்தாரே தவிர, ரோட்டுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருநாளாவது கேட்டாரா?

புத்தியுள்ளவன் அதோடு எழுந்து குளிக்கப் போயிருப்பான். காசிலிங்கம் எண்களை மாற்றினார். சும்மா கலைத்துப் போடவில்லை. காற்றுக்கு விட்ட வெறுமையைக் கொண்டுபோய்ச் சந்தை இரைச்சலில் வைத்தார். மென்மையான குரலைக் காற்றாடிப் பொட்டலில் நிறுத்தினார். ஒவ்வொரு பாட்டும் தன் இடத்தைக் கோட்டை விடும்படி, நோட்டைப் பார்த்துப் பார்த்து, மத்தியானச் சோறுகூட மறந்து, அழகாகக் கெடுத்தார்.

திங்கட்கிழமை பஸ் கிளம்பியது. சந்தையைத் தாண்டும்வரை சத்தமே இல்லை. "வைரஸ் போகலையோ?" என்று இசக்கியப்பன் செட்டைத் தட்டினான். பிறகு பாட்டு வந்ததும் மறந்துவிட்டான். பஸ்ஸில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தூங்குகிறவர்கள் தூங்கினார்கள், போனைத் தேய்க்கிறவர்கள் தேய்த்தார்கள். இவ்வளவுதானா இவர்கள் காது என்று காசிலிங்கத்துக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் எரிச்சல்.

தஸ்லிமா மட்டும் இரண்டாவது பாட்டில் தலையை நிமிர்த்தினாள். மூன்றாவதில் எழுந்து நின்றே பார்த்தாள். காற்றாடிப் பொட்டலில் அந்த மெல்லிய குரல் காற்றில் நார் நாராகக் கிழிந்தபோது, பஸ்ஸில் இருக்கிற ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே வந்து இவர் முகத்தில் நின்றாள். காசிலிங்கம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பன்னிரண்டு ரூபாய் டிக்கெட்டில் படிக்க என்ன இருக்கிறது?

வள்ளியூரில் இறங்கியதும் நேரே வந்தாள்.

"அண்ணாச்சி, மாத்துனது நீங்கதான?"

"எத? நான் எதுக்கு மாத்தணும்? எனக்கு வேற சோலி இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி. தெரியாத ஆளு மாத்தியிருந்தா ஒண்ணு ரெண்டு பாட்டாவது தவறிப்போயிச் சரியான எடத்துல வந்து விழுந்திருக்கும். ஒண்ணுகூட விழல. எது எங்கன வரணும்னு முழுசாத் தெரிஞ்ச ஆளாலதான் இப்படிக் கெடுக்க முடியும்."

சண்டைக்குத் தயாராக நின்ற காசிலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கோ கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசமா ஒருத்தருக்கும் தெரியலையேன்னு இருந்தேன். எங்க வீட்டுல சொன்னா, பஸ்ஸுக்குப் போயி இவ்வளவு மெனக்கெடுதியான்னு சிரிக்காவ. நீங்க கண்டுபிடிச்சிட்டிய. எனக்கு அது போதும்."

திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தி, அந்த வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் ஆற்றியிருக்கலாம். இவள் போய் நன்றி சொல்கிறாள்.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணாச்சி? ராதாபுரம் தாண்டிக் குளத்தங்கரை மேல வண்டி ஏறுதுல்லா, அந்த ரெண்டு நிமிஷத்துக்கு மட்டும் எனக்குப் பாட்டே அமையல. தண்ணி கெடந்தா ஒரு மாதிரி இருக்கு, வத்திக் கெடந்தா ஒரு மாதிரி இருக்கு. இப்பம் போட்டிருக்கது சும்மா ஒப்புக்குத்தான். உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நோட்டில் குறிக்கும்போதே அந்த இடத்தில் அவர் பென்சில் நின்றது. வயலின் ஒன்று தனியாக ஆரம்பித்து, குரல் வந்து சேர்ந்து, இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும் ஒரு பழைய பாட்டு. யாருக்கும் தெரியாத பாட்டு. தண்ணீர் இருந்தாலும் பொருந்தும், இல்லாவிட்டாலும் பொருந்தும். அதைக் கொடுத்தால் பஸ் என்ன சொல்லும்? தங்கச்சி பாட்டு பிரமாதம் என்று சொல்லும்.

"அப்படி ஒண்ணும் எங்கிட்ட இல்லம்மா" என்றார் காசிலிங்கம்.

"யோசிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவர் யோசிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பாட்டுகள் மறுநாளே பழைய இடத்துக்குத் திரும்பின. ஒரு வாரம் கழித்து, ராதாபுரத்தை விட்டு வண்டி கிளம்பிக் குளத்தங்கரை மேல் ஏறியது. செட் நின்றுவிட்டது. ஒப்புக்குப் போட்டிருந்த பாட்டையும் அவள் எடுத்துவிட்டிருந்தாள். எஞ்சின் சத்தமும், கரையோரம் நாரைகள் எழும்புகிற சத்தமும் மட்டும் கேட்டன. போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்திக் குளத்தைப் பார்த்தார்கள். காசிலிங்கத்துக்குள் மட்டும் அந்த வயலின் ஆரம்பித்து, குரல் சேர்ந்து, கரை முடிகிற இடத்தில் மிகச் சரியாக முடிந்தது. அது அந்த இடத்துக்கென்றே பிறந்த பாட்டு, அவரைத் தவிர ஒரு ஜீவன் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, கவனிச்சியளா?" என்று இசக்கியப்பன் கண்ணாடியில் பார்த்துக் கத்தினான். "குளத்தங்கரைக்கு ஒண்ணுமே போடாம விட்டிருக்கு தங்கச்சி. இந்த ஆல்பத்துலயே அந்த ரெண்டு நிமிஷந்தான் உச்சம். யாருக்கு வரும் இந்த மூளை?"

தேள் கொட்டிய திருடனாகக் காசிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு இருக்கிறது என்று இப்போது சொன்னால் அன்றைக்குப் பொய் சொன்னதாகிவிடும். சொல்லாமல் இருந்தால் தினமும் இந்தப் புகழைக் கேட்டாக வேண்டும். முன் சீட்டிலிருந்து தஸ்லிமா திரும்பி இவரையே பார்த்தாள். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிட்டு, இவர் ஒருத்தர் சொல்லப்போகிற வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"நல்லாருக்கும்மா" என்றார்.

அது உண்மையாகவும் இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.