கூண்டோரம் ஓர் ஊசி

அப்போது பென்சில்வேனியாவின் சுரங்க ஊர்களில் கூடைப்பந்தைக் கம்பிவலைக் கூண்டுக்குள்தான் ஆடுவோம். அந்த வருடம் பட்டத்துக்கான மூன்று ஆட்டங்களில் என் சொந்த ஊரையே எதிர்த்து, பக்கத்து ஊருக்காகச் சம்பளத்துக்கு ஆடினேன்.

முதல் ஆட்டத்தில் வலையோர மூலையில் பந்தோடு நின்றேன். தொடையில் சுருக்கென்று ஏறியது. திரும்பினால், வலைக்கு வெளியே, தொப்பியில் செருகும் நீள ஊசியோடு என் அக்கா யாட்விகா.

"வேத்தூர் சட்டையப் போட்டா தம்பின்னெல்லாம் பாக்க மாட்டேன்டா."

நகராமல் எறிந்தேன். பந்து கூடைக்குள் விழுந்தது. வென்றோம்.

சாப்பிட அவள் வீட்டுக்குத்தான் போனேன். முட்டைக்கோஸ் சூப்பை வைத்துவிட்டு, காயத்தில் வினிகர் தடவினாள்.

"நாளைக்கும் அந்த மூலைக்கு வருவியா?"

"அங்க நின்னாத்தான்க்கா எனக்குக் கூடை விழும்."

"அப்ப இன்னொரு காலையும் நீட்டு. இப்பவே தடவி வச்சிடறேன்."